சிவப்புப் பென்சில் படாத கடிதம்

ஜெர்மன் சொல்லிக்கொடுக்க நம் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்கள் துறைத் தலைவி ஃபிலோமினா போன வாரம் எனக்குப் போன் செய்தாள். "மேடம், புதுசா மூணு பேரு சேர்ந்திருக்காங்க. நீங்க முப்பது வருசம் இங்கன இருந்தவங்க. உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதித் தாங்க, பிள்ளைகளுக்கு உதவும்" என்றாள். நாலு பக்கம் எனக்கு எம்மாத்திரம்? வாயைத் திறந்தால் நாற்பது பக்கம் வரும் என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார். ஆனால் பேப்பரை எடுத்து வைத்து உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. பாடத்திட்டம், வினாத்தாள், உள்மதிப்பெண் எல்லாம் அலுவலகத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை நான் எழுதி என்ன ஆகப்போகிறது?

எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அது ஃபிலோமினாவைப் பற்றியது. அவளிடம் இதுநாள்வரை நான் சொல்லாதது. அவளைப் பார்த்து நான் வயிறெரிந்த கதை, அந்த எரிச்சலில் நான் செய்த ஒரு காரியம்.

முதலில் நம் துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து வெளியே போகும் எந்தத் தாளையும், எழுதியவரைத் தவிர இன்னொருவர் படிக்க வேண்டும். குறை இருந்தால் சிவப்புப் பென்சிலால் குறிக்க வேண்டும். திருத்திய பிறகு கடைசி வரிக்குக் கீழே 'கெலேசன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'படித்தேன்' என்று அர்த்தம். இது நான் கண்டுபிடித்தது இல்லை. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஜெர்மன் எம்.ஏ. படித்தபோது எங்கள் பேராசிரியர் ஏற்படுத்தியது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என் தோழி ஒருத்தியின் கட்டுரையை நான் சிவப்பே இல்லாமல் நீட்டியபோது அவர் என்னிடம் கேட்டார்: "அவள் மனம் நோகக்கூடாது என்று விட்டாயா, இல்லை அவள் முன்னேறக்கூடாது என்று விட்டாயா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்." நான் அப்போது சிரித்தேன். அந்தத் தோழியின் மேல் எனக்கு அன்புதான், அதனால் சிரிக்க முடிந்தது.

அந்தப் படிப்பின் கடைசி ஆண்டில் ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போக எனக்கு இடம் கிடைத்தது. ஒரு நல்ல கம்பளி ஸ்வெட்டர்கூட வாங்கினேன், கருநீலம். அப்பா தூத்துக்குடியிலிருந்து போன் செய்து, மாப்பிள்ளை வீட்டில் தேதி குறித்துவிட்டார்கள், புறப்பட்டு வா என்றார். வந்தேன். ஸ்வெட்டரும் கூடவே வந்தது. மில்லர்புரம் வீட்டு பீரோவில், அந்துருண்டை போட்ட பையில், அது முப்பது வருடம் கிடந்தது. தூத்துக்குடியில் ஸ்வெட்டர் போட எங்கே குளிர்கிறது?

முப்பது வருடம் நான் பனியைப் பற்றிப் பாடம் எடுத்தேன், பனியைப் பார்க்காமல். கிறிஸ்துமஸ் சந்தையில் என்ன மணம் வரும் என்று பரீட்சையில் கேள்வி கேட்டேன், அந்த மணம் தெரியாமல். பிள்ளைகள் எழுதிய பதில் சரியா தப்பா என்பதைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

அப்படி இருக்கையில்தான் ஃபிலோமினா வந்தாள். இருபத்தாறு வயது, கடற்கரைப் பிள்ளை. அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். அவளும் ஜெர்மனியைப் பார்த்ததில்லை. ஆனால் போனில் எந்நேரமும் ஜெர்மன்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, பேச்சு அச்சு அசல் அவர்கள் மாதிரியே இருந்தது. என் பேச்சு புத்தகப் பேச்சு. அவள் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டி என் வகுப்புக்கு வரும். என் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்ப்பார்கள். நான் குரலை உயர்த்துவேன். அவள் வந்து ஒரு பருவம் முடிவதற்குள், தாதியர் படிப்பு முடித்து ஜெர்மனி போகத் துடிக்கிற பெண்கள் சனிக்கிழமை வகுப்புக்கு "ஃபிலோ மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் திரும்பிப் போனார்கள். அங்கே நான் மலைபோல உட்கார்ந்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்தேன். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா ஒருநாள் நம் கல்லூரியைப் பார்க்க வந்தார் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ பிய்ந்துபோனது. அவரிடம் பேச நான் மூன்று நாள் தயார் செய்திருந்தேன். நாடகங்களைப் பற்றி ஐந்து கேள்வி, கல்விமுறை பற்றி நாலு கேள்வி. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், என் கேள்விக்கு இரண்டு வாக்கியம் பதில் சொன்னார், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற ஃபிலோமினாவிடம் "உங்கள் வீட்டில் என்ன தொழில்?" என்று கேட்டார். அவ்வளவுதான். நாற்பது நிமிடம் போய்விட்டது.

அப்பா தண்ணீருக்குள் இறங்கும்போது மேலே படகில் கயிறு யார் பிடிப்பார்கள் என்று அந்த அம்மா கேட்டார். "எங்க மாமா, அம்மாவோட தம்பி. வேற ஆள நம்ப மாட்டாரு எங்கப்பா. அக்கா தாலிக்குப் பயந்தாவது மாமா கயித்த விடமாட்டாருல்லா" என்று அவள் அப்படியே ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மா கண் கலங்கச் சிரித்தார். மத்தியானம் கல்லூரியில் நான் ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டை விட்டுவிட்டு, அவர் ஃபிலோமினா வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டார். ஏற்பாடு செய்த சாப்பாட்டை நானும் பியூனும் சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு மூன்று மாதப் படிப்பு, மொழியும் பண்பாடும். நம் கல்லூரிக்கு ஒரே ஒரு இடம். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஒரு கடிதம் எழுத வேண்டும், அதை வைத்து நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. இதை விட்டால் இனி இல்லை. அது எனக்குத் தெரியும், ஃபிலோமினாவுக்கும் தெரியும். முதல்வர் இரண்டு பேர் கடிதமும் போகட்டும் என்றார்.

வழக்கப்படி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் கடிதங்களை மாற்றிக்கொண்டோம். அவள் என் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்றாள். நான் அவள் கடிதத்தை அங்கேயே படித்தேன்.

பிள்ளைகளே, நாம் விண்ணப்பம் எழுதும் விதம் உங்களுக்குத் தெரியும். தாழ்மையுடன் என்று ஆரம்பித்து, எனக்கு ஒன்றும் தெரியாது, தாங்கள் மனது வைத்தால் பாக்கியம் என்று முடிப்போம். நம் ஊரில் அது மரியாதை. தன்னைப் பற்றித் தானே பேசுகிறவனை நமக்குப் பிடிக்காது. ஜெர்மன்காரர்கள் அந்தக் கடிதத்தைப் படித்தால், ஒன்றும் தெரியாதென்று இவளே சொல்லுகிறாளே என்று எடுத்துத் தள்ளி வைத்துவிடுவார்கள். நான் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைத்தான் முதல் பாடமாக எடுப்பேன். "விண்ணப்பத்தில் குனியாதே, நீ யார் என்று சொல்" என்று போர்டில் எழுதிப் போடுவேன். ஃபிலோமினா எடுத்தது முதலாம் ஆண்டு. இந்தப் பாடம் அவள் பக்கம் வந்ததே இல்லை.

அவள் கடிதம் முழுக்கக் குனிந்து கிடந்தது. தான் ஏழைக் குடும்பம், தன் ஜெர்மன் போதாது, தன் மேடம்தான் பெரிய அறிவாளி, தனக்கு இடம் கிடைத்தால் அது கருணை. அவள் அப்பா சங்கு குளிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கயிறு இல்லை. மாமா இல்லை. அந்த அம்மாவைக் கண்கலங்க வைத்த அத்தனையையும் விட்டுவிட்டு, வெறும் ஏழை என்று எழுதியிருந்தாள்.

"மேடம், நல்லா இருக்கா?" என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பென்சில் என் கையில்தான் இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். கீழே 'கெலேசன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உங்கள பத்தி எழுதினது சரியா மேடம்? கூடிப்போச்சோன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் ஒண்ணும் கூடல" என்றேன். பாவி.

மறுநாள் காலையில் அவள் என் கடிதத்தைக் கொண்டுவந்தாள். ஏழு இடத்தில் சிவப்பு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேற்றைக்கு வந்த பிள்ளை, என் தாளில் ஏழு சிவப்பு! கடைசியில் ஓரத்தில் எழுதியிருந்தாள்: இதில் நீங்கள் இல்லை.

"என்ன ஏளா இது? முப்பது வருசத்த எழுதியிருக்கேன், நான் இல்லங்கியா?"

"மேடம், கமிட்டி இருக்கு, கருத்தரங்கு இருக்கு. நீங்க எங்கன இருக்கீய? அந்தப் பொட்டலக் கதைய எழுதுங்க மேடம். அத ஏன் விட்டீய?"

பொட்டலக் கதை என்னவென்றால், என் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கப்பல்களிலிருந்து பழைய பத்திரிகைகள் எடைக்கு வரும், அதைக் கிழித்துத்தான் சீனியும் மல்லியும் மடித்துக் கொடுப்பார். எட்டு வயதில் ஒரு சீனிப் பொட்டலத்தைப் பிரித்தபோது அதில் பனி மூடிய ஒரு ஊரின் படம் இருந்தது, சுற்றிலும் புரியாத எழுத்து. அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் ஜெர்மன் படித்தேன். ஒருநாள் சாப்பிடும்போது இதையும் பீரோவில் கிடக்கும் ஸ்வெட்டரையும் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

அப்போது மணி பத்து. அவள் கடிதம் முதல்வர் அறையில் மேசைமேல் இருந்தது, பன்னிரண்டு மணிக்குத்தான் அனுப்புவார்கள். இரண்டு மணி நேரம் இருந்தது. "ஏளா, உன் கடிதத்த எடுத்துட்டு வா, உங்கப்பாவ எழுது" என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து, அவள் சொன்னபடி என் கடிதத்தைத் திருத்தினேன். முதல் நாள் செய்ததை நான் ஆத்திரத்தில் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எனக்கு நேர்காணல். அவளுக்கு வருத்தம் தெரிவித்து நாலு வரி. அவள் அன்றைக்கு லீவு போட்டாள். மறுநாள் வந்தவள் கையில் மஸ்கோத் அல்வா. "மேடம், ஸ்வெட்டர வெயில்ல போடுங்க" என்றாள். அல்வாவைத் தின்றேன். தொண்டையில் நின்றது என்றெல்லாம் கதை விட மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு பத்து நாள், தினமும் மத்தியானம், அவள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க, நான் பதில் சொல்லிப் பழகினேன். "மேடம், சுத்தி வளைக்காதீய. அவங்க நேரா கேப்பாங்க, நேரா சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நேர்காணல் அன்று துறை அறையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். நடைபாதையில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃபிலோமினா கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். திரையில் மூன்று பேர். நடுவில் அந்தப் பேராசிரியை அம்மா. பொட்டலக் கதையைக் கேட்டார்கள், சொன்னேன், சிரித்தார்கள். எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் அந்த அம்மா ஒரு தாளை எடுத்தார்.

"உங்கள் கல்லூரியிலிருந்து வந்த இரண்டு கடிதத்திலும் கீழே 'கெலேசன்' என்று இருக்கிறது. இது என்ன வழக்கம்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விலாவாரியாக விளக்கினேன். ஒருவர் எழுதினால் இன்னொருவர் படிப்போம், குறையைச் சிவப்பில் குறிப்போம், அதன்பிறகுதான் கையெழுத்து, இதில் நாங்கள் தாட்சண்யம் பார்ப்பதில்லை. நானே போய் வலைக்குள் விழுந்தேன்.

"மிக நல்ல வழக்கம்" என்றார். "நான் உங்கள் சக ஆசிரியை வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவள் அப்பாவைப் பற்றி அவள் பேசியதைக் கேட்டிருக்கிறேன். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் அது எதுவுமே இல்லை. இது வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. படிக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?"

நெட் போய்விட்டதுபோல லேப்டாப்பை மூடிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன், கை பாதிவழி போய்விட்டது. வேலை அதிகம், சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அவள்தான் எழுத வேண்டாம் என்றாள் என்றுகூடச் சொல்லலாம், யார் கேட்கப்போகிறார்கள்? தமிழில் கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். தமிழில் எனக்கு ஆயிரம் சந்துபொந்து தெரியும். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றத் தெரியும். ஜெர்மனில் எனக்கு நேர் ரோடு மட்டும்தான் தெரியும். கயிறு என் கையில் இருந்தது, விட்டது நான்தான்.

"தோன்றியது. குறை தெரிந்தது. நான் சொல்லவில்லை" என்றேன்.

"ஏன்?"

"பொறாமை."

முப்பது வருடம் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் என் சொந்த வாழ்க்கையைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். "அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கடிதத்தைப் பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள்" என்றும் சொன்னேன். இதைச் சொல்லும்போதுகூட, பரவாயில்லை, உங்களையே எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. நன்றி என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டு நாளில் ஃபிலோமினாவுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. ஒரு வாரத்தில் இடமும் கிடைத்தது. "மேடம், எல்லாம் பனிமய மாதா செஞ்ச புதுமை! பனி பாக்கப் போறேன் மேடம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மாதா தலையிலேயே புண்ணியத்தைக் கட்டிவிட்டு நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். நாலாம் நாள் ஸ்வெட்டரைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். ஜெர்மனியிலிருந்து அவள் அனுப்பிய முதல் படத்தில், முழங்கால் பனியில், என் கருநீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். என் ஸ்வெட்டர் ஜெர்மனி பார்த்துவிட்டது.

ஆகவே பிள்ளைகளே, பக்கத்து இருக்கையில் உங்களைவிடக் கெட்டிக்காரர் வந்து உட்காருவார். வயிறு எரியும். எரியட்டும், அதற்கு மருந்து எனக்குத் தெரியாது. அவர் தாள் உங்கள் கைக்கு வரும்போது சிவப்புப் பென்சிலை எடுங்கள். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு அழுத்திக் கோடு போடுங்கள்.

இதோடு முடித்திருந்தேன். ஆனால் இந்தத் தாளும் துறையின் பெயரில் உங்கள் கைக்கு வருகிற தாள்தானே? இன்னொருவர் படிக்க வேண்டும். படிக்க ஃபிலோமினாவைத் தவிர யார் இருக்கிறார்கள்? அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் காலையில் போன் வந்தது.

"மேடம், படிச்சிட்டேன்."

"திட்டணும்னா திட்டுளா."

"நேர்காணல் அன்னைக்குக் கதவுக்கு வெளிய நான்தான மேடம் நின்னேன்."

"கேட்டியா?"

"எல்லாம் கேட்டுச்சு."

"பின்ன எதுக்குளா மாதா மாதான்னு சொன்ன?"

"நீங்களா சொல்லுவீயன்னு பாத்தேன். அஞ்சு வருசமா பாக்கேன்."

அப்புறம் அவள் குரல் மாறியது. "கடிதத்துல ரெண்டு இடத்துல சிவப்பு போட்டிருக்கேன். நான் லீவு போட்டேன்னு மட்டும் எழுதியிருக்கீய. அன்னைக்குப் பூரா எங்கம்மா மடியில கெடந்து அழுதேன் மேடம். நமக்கெல்லாம் எதுக்குப் படிப்புன்னு அழுதேன். அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன், இதோ, அவள் சொன்ன வார்த்தையிலேயே.

இரண்டாவது சிவப்பு ஒரு வரியை முழுதாக அடித்திருந்தது. 'இப்போது எனக்கு அவள்மேல் துளிகூடப் பொறாமை இல்லை' என்று கடைசியில் எழுதியிருந்தேன். ஓரத்தில் அவள் எழுதியிருப்பது: இது உண்மை இல்லை மேடம்.

போன மாதம் ஒரு வேலையாகக் கல்லூரிக்கு வந்தேன். அவள் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அவள் கீழே 'கெலேசன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.